நாலாவது ஆளாகப் போன திங்கள்

ஜூரோங்கில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் குழி வெட்டுவதுதான் பதினோரு வருஷமாக என் வேலை. கம்பளம் மாதிரி ஒட்டக் கத்தரித்த புல்தரையை கிரீன் என்பார்கள். அதில் கொடி நிற்கிற சின்னக் குழி ஒரே இடத்தில் இருந்தால் சுற்றியுள்ள புல் மிதிபட்டுச் செத்துவிடும். அதனால் தினமும் காலையில், ஆட்டக்காரர்கள் வருவதற்குள், பழைய குழியை அடைத்துவிட்டு அதே கிரீனில் வேறொரு இடத்தில் புதிதாக வெட்ட வேண்டும். முன்பக்கமா, நடுவா, பின்பக்கமா என்று மேலாளர் ஒரு தாளில் குறித்துக் கொடுத்துவிடுவார். சரியாக எந்த இடம் என்பது என் இஷ்டம். செகண்டரி டூ, அதாவது எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இஷ்டப்படி முடிவெடுக்கக் கிடைத்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

ஆனால் நான் ஒரு நாளும் விளையாடியதில்லை. மாதத்தின் முதல் திங்களன்று பராமரிப்புக்காக மைதானத்தை மூடுவார்கள். வேலை மதியத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஊழியர்கள் ஒன்பது குழி ஆடிக்கொள்ளலாம். தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் புதுக்கோட்டைக்கார மெக்கானிக், முன்பதிவு கவுண்டரில் இருக்கும் பெண், ஆட்டக்காரர்கள் ஏறிப்போகும் பக்கி வண்டிகளின் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரர், சமையலறையில் இருந்த ஜொகூர்காரர் ஒருவர், இந்த நான்கு பேரும் ஒரு கூட்டம். ஜொகூர்காரர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார்.

கேண்டீனில் மெக்கானிக் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, அடுத்த மாசம் நீங்க வாங்களேன். நாலு பேருன்னாத்தான் ரெண்டு ரெண்டா பிரிஞ்சு ஆட முடியும்."

"எனக்கு ஆடத் தெரியாதே, தம்பி."

கவுண்டர் பெண் அடுத்த மேசையிலிருந்து குரல் கொடுத்தார். "வருவாரு லா. இத்தன வருஷம் குழி வெட்டிருக்காரு, ஒரு தடவயாச்சும் பந்த உள்ள போட வேணாமா?"

பார்க்கிறேன் என்று சொன்னேன். உள்ளுக்குள் அப்போதே போய்விட்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். நானும் மனைவியும் பிரிந்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் புக்கிட் மேராவில் தன் அக்காவோடு இருக்கிறாள். நான் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். வேலையிலும் தனியாள் நான். கிரீன் கிரீனாக நடப்பது, வெட்டுவது, கொடியை நடுவது. சில நாட்களில் நான் வாயைத் திறந்து பேசியது கடையில் சீனியில்லாத கடுந்தேநீர் கேட்கும் 'தே ஓ கொசோங் ஒண்ணு' என்பது மட்டுமாக இருக்கும். ஒழுங்காக ஆடினால் மாதாமாதம் கூப்பிடுவார்கள். மாதத்தில் ஒரு மத்தியானம் நாலு பேரில் ஒருவனாக நடக்கலாம். சொதப்பினால் இன்னொரு ஆளைத் தேடிக்கொள்வார்கள்.

பக்கிக் கொட்டகைக்காரர் மூன்று மட்டைகளை இரவல் கொடுத்தார். முதலில் தூர அடித்துப் பழகலாம் என்று பொதுப் பயிற்சித் திடலுக்குப் போனேன். அங்கே எனக்கே தெரியாத ஒரு கோளாறு வெளிப்பட்டது. பந்து மேலே எழும்ப வேண்டுமென்றால் மட்டை பந்தோடு சேர்த்துப் புல்லையும் கொஞ்சம் பெயர்க்க வேண்டும். என்னால் முடியவில்லை. மற்றவர்கள் பெயர்த்துவிட்டுப் போன பள்ளங்களில் மணலையும் விதையையும் கலந்து பதினோரு வருஷம் நிரப்பிய கை இது. மட்டை தரைக்கு வரும்போதே மேலே இழுத்துக்கொண்டது. அங்கே இருந்தது பிளாஸ்டிக் விரிப்புதான், அப்படியும். பந்து தரையோடு தரையாக ஓடியது. பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த அங்கிள் தன் பையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

தூரம் அடிப்பதை நாலு வாரத்தில் சரிப்படுத்த முடியாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் கிரீனில் பந்தை உருட்டிக் குழிக்குள் போடுவது வேறு விஷயம். அந்த ஒன்பது கிரீன்களின் மேடும் சரிவும் என் பாதத்துக்குத் தெரியும். எந்தப் பக்கம் புல் சாய்ந்து வளர்கிறது, எங்கே பந்து வேகமெடுக்கும், எங்கே தயங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதில் ஜெயிக்கலாம் என்று முடிவுசெய்தேன்.

கேம்பல் லேனில் ஒரு கடையில் பிளாஸ்டிக் புல்விரிப்பு சுருட்டி வைத்திருந்தார்கள். ஆறு மீட்டர் கேட்டேன்.

"சாமி மேடைக்காண்ணே?" என்றார் கடைக்காரர்.

கோல்ஃப் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்றேன்.

"அப்ப இந்த மாலையும் எடுத்துக்குங்க. விரிப்புக்கு மேட்ச்சா இருக்கும்."

அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

தினமும் வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்கு வெளியே, அடுக்குமாடியின் பொது நடைபாதையில் அதை விரிப்பேன். மூன்றாவது கிரீன் இடப்பக்கம் சரியும், அதற்கு வலது ஓரத்தின் அடியில் இரண்டு நாள் பத்திரிகையை மடித்து வைத்தேன். ஆறாவது கிரீனில் முதுகு மாதிரி எழும்பி நிற்கும் மேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை முழுசாக வேண்டியிருந்தது. ஷூ பிரஷ்ஷால் தேய்த்துப் பிளாஸ்டிக் புல்லையும் ஒரு பக்கமாகச் சாய்த்தேன். விரிப்பின் கடைசியில் ஒரு தம்ளரைப் படுக்க வைத்து அதற்குள் பந்தை உருட்டுவேன். தவறிய பந்து எதிர்வீட்டுச் சீனப் பாட்டியின் செருப்புத் தட்டுக்குக் கீழே போய்விடும். மறுநாள் அது என் வாசலில் இருக்கும். அவரும் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலாவது வாரம் பத்துக்கு எட்டு தம்ளருக்குள் போனது. நானே நம்பவில்லை.

மைதானத்தை மூடும் திங்களில் மட்டும் பராமரிப்பு முடிந்த பிறகுதான் குழி வெட்ட முடியும். அந்தத் திங்களன்று, வழக்கமாக வேலை முடியும் நேரத்தில் நாங்கள் ஆட வேண்டிய ஒன்பது குழிகளும் வெட்டாமல் மிச்சம் இருந்தன. மெக்கானிக் வந்து கருவியை வாங்கிக்கொண்டார்.

"நீங்க போய்ச் சட்டைய மாத்துங்கண்ணே. நான் வெட்டிடறேன், சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன்."

நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன். குழி என்றால் நான் வெட்டுகிற இடத்தில்தான் இருக்கும் என்று என் மூளை பழகிப்போயிருந்தது. சரிவின் விளிம்பு, முதுகுக்குப் பின்னால் என்று எனக்குப் பிடித்த கஷ்டமான இடங்களுக்குத்தான் அந்தப் பத்திரிகைகளை எல்லாம் மடித்திருந்தேன்.

முதல் கிரீனில் கொடி நட்ட நடுவில் நின்றது. சமதரை. குழந்தை தட்டினாலும் நேராகப் போகும். என் கை பழக்கத்தில் ஓரடி வலப்பக்கம் பார்த்துத் தட்டியது, பந்தும் சமர்த்தாக வலப்பக்கமே போனது. இரண்டாவது கிரீனிலும் கொடி நடுவில். மூன்றாவதிலும் நடுவில். நேராகத் தட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால் கை சந்தேகப்பட்டுப் பாதி வழியில் நின்றுவிடும். என் ஜோடியாக ஆடிய கவுண்டர் பெண் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் காட்டினார்.

"அண்ணே, இது இங்க இருக்கு. தெரியுதா? ஹலோ!"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது காது சுட்டது. அடுத்த மாதம் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட மாட்டார்கள் என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆறாவது கிரீனில் மூன்று தடவை தவறவிட்ட பிறகு, கருவியை யாரிடம் கொடுத்தேன் என்பதையே மறந்து, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"யாரு இத இங்க வெட்டுனது? இதெல்லாம் குழி வெட்டுற எடமா? கோணலா வேற வெட்டிருக்கான்!"

மெக்கானிக் தன் மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான்தாண்ணே" என்றார். "மொத தடவ ஆடுறீங்க, சுலபமா இருக்கட்டுமேன்னு எல்லாத்தயும் நடுவுல வெட்டுனேன்."

நான் குனிந்து என் பந்தை எடுத்துக்கொண்டேன். தமிழ் தெரியாத மலாய்க்காரர் மட்டும், "ஓகே லா, ஓகே" என்று என் முதுகைத் தட்டினார். மிச்சம் மூன்று குழிகளை அவசரமாக ஆடி முடித்தோம். கேண்டீனில் ரொட்டியும், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீரான தே தாரிக்கும் சொல்லியிருந்தார்கள். எனக்கு வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன். ஜூரோங்கிலிருந்து வீடு வரைக்கும் ஷூவில் ஒட்டியிருந்த புல்லையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாலு வாரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டுப் போனில் ஒரு செய்தி எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். 'தம்பி' என்று தொடங்குவதா, 'வணக்கம்' என்று தொடங்குவதா என்பதிலேயே மூன்று நாள் போனது. முதல் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் மெக்கானிக் இருக்கும் பம்ப் அறைக்குப் போனேன்.

"தம்பி, அன்னைக்கு நான் அப்படிப் பேசிருக்கக் கூடாது."

"அத நான் அப்பவே விட்டுட்டேண்ணே. நீங்க சாப்பிடாமப் போனதுதான் எங்க மூணு பேருக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. கோவம் போல, இனி வரமாட்டாருன்னு நெனச்சுட்டோம்."

"கோவமெல்லாம் இல்ல. வெக்கம்."

"அத ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே." அவர் தலையைச் சொறிந்தார். "சமையக்கட்டுக்குப் புதுசா வந்தவரக் கூப்ட்டாச்சு. அஞ்சு பேரா போக விட மாட்டாங்க. வேணும்னா எங்க பின்னாடியே தனியா ஆடிட்டு வாங்கண்ணே."

போனேன். வீட்டில் இருந்து என்ன செய்வது? அவர்களுக்கு ஒரு குழி பின்னால், தனியாக. நான் ஒரு கிரீனுக்கு வந்து சேரும்போது அவர்கள் சிரிப்பு அடுத்த கிரீனிலிருந்து கேட்கும். என் பந்து குழிக்குள் விழுந்தாலும் நானேதான் பார்த்து, நானேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தடவை நன்றாகவே விழுந்தது.

எட்டாவது குழி குளத்தைத் தாண்டி இருக்கிறது. அடிக்கும் இடத்துக்கு நான் வந்தபோது அந்த நாலு பேரும் அக்கரையில் கிரீனிலேயே நின்றிருந்தார்கள். மெக்கானிக் கையைத் தூக்கி ஆட்டினார். அடி என்கிறாரா, பொறு என்கிறாரா, வா என்கிறாரா, தெரியவில்லை. பந்தை வைத்துவிட்டு நின்றேன். அவர் மறுபடி கையை ஆட்டினார். இந்தச் சந்தேகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒரு மாதம் தூக்கம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். பந்தை அங்கேயே விட்டுவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பதற்காகக் குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன்.