ராணிக்கு இந்த ஆண்டு பொங்கல் இல்லை

நான் வாழும் ஊரில் புல்லைக் கழுவித்தான் குதிரைக்குப் போடுகிறோம். மிகையாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். நம் வீடுகளில் அரிசி களைவதைப் போல, காய்ந்த புல்லை எடைபோட்டு வலைப்பையில் அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, அரை மணி நேரம் கழித்துத் தூக்கி வடியவிடுகிறோம். வடிகிற நீர் தேநீரின் நிறத்தில் இருக்கும். புல்லில் இருந்த சர்க்கரையில் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடும். தொட்டியின் மேல் படிந்த பனிக்கட்டியைச் சுத்தியலால் உடைத்துவிட்டுத்தான் இந்தச் சடங்கைத் தொடங்க முடியும் என்பதையும், கையுறைக்குள் என் விரல்கள் எனக்குச் சொந்தமானவையாக இருப்பதில்லை என்பதையும் தாயகத்து வாசகர்களின் இரக்கத்திற்காக இங்கே பதிவு செய்கிறேன்.

வேல்ஸ் நாட்டு மலைச்சரிவில், சட்ட மேற்படிப்புக்கு நடுவே, காலை நேரங்களில் நான் வேலை செய்யும் குதிரைப் பண்ணை அது. அதை நடத்தும் எலினுக்கு என்னைவிட இரண்டு வயதுதான் கூடுதல். முதல் பனிக்காலத்தில், மெக் என்னும் குட்டையான சாம்பல்நிற மட்டக்குதிரை வேலியருகே நின்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. "பசிக்கிறது போலும், கொஞ்சம் தானியம் வைக்கட்டுமா?" என்றேன். "அது பசி இல்லை, நடிப்பு" என்றாள் எலின். "குளிர் அதிகமானால் தானியத்தைக் கூட்டக் கூடாது, புல்லைத்தான் கூட்ட வேண்டும். புல் வயிற்றுக்குள் மெல்ல மெல்லச் செரிக்கும்போதுதான் உடம்பு சூடாகும்." நான் விடவில்லை. விருந்தோம்பலின் மாண்பு குறித்துப் பத்து நிமிடம் பேசினேன். மயிலாப்பூர் பேச்சுப்போட்டி மேடைகளில் சுழற்கோப்பைகள் வென்ற நா அல்லவா! அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தராசை என் கையில் கொடுத்துப் போய்விட்டாள். நடுவர்களே இல்லாத நாட்டுக்கு வந்துவிட்டோமே என்று அன்று வருந்தினேன்.

அங்கே குதிரைகளுக்கு லாடமும் கிடையாது. ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பின் விளிம்பை அரத்தால் தேய்த்து உருட்டிவிடுவார்கள். கல்லும் சேறும் மிதித்துக் குளம்பு தானே உரமேறும். "காலுக்கு இரும்பு எதற்கு, வேலை செய்யும் கால் போதாதா?" என்பது எலினின் வாதம்.

பாலவாக்கத்தில் வளர்ந்தவள் நான். என் தாய்மாமன் அந்தோணி, பகலில் கட்டுமரம், மாலையில் ராணி என்று வாழ்பவர். ராணி ஒரு பழுப்பு மட்டக்குதிரை. கடற்கரையில் படகுகளுக்குப் பின்னே ஓலைக்கொட்டகையில் நின்று, குழந்தைகளை முதுகில் ஏற்றி அலையோரம் அழைத்துச் சென்றுவரும். எங்கள் தேவாலயப் பங்கில் ஞானஸ்நானம் பெறாத ஒரே உறுப்பினர் அதுதான் என்று மாமா சொல்வார். காணும் பொங்கலன்று கே.கே. நகரிலிருந்தும் தி. நகரிலிருந்தும் வரும் குடும்பங்கள் தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கலோடு நேராக ராணியிடம் வருவார்கள். குதிரைக்கு ஒரு கவளம் ஊட்டாமல் அவர்களுக்கு அந்த நாள் நிறைவுறாது. அந்த வாளிகளின் வரிசையைப் பார்த்து, எங்கள் குடும்பத்துக்கே உரிய பெருமை என்று நெஞ்சு நிமிர்த்தியவள் நான்.

இந்த ஜனவரி விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது ராணி விசித்திரமாக நின்றது. முன்னங்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து, பாரம் முழுவதையும் குதிகாலில் தாங்கி நின்றது. "லாடம் சரியில்ல பாப்பா. ரெண்டு தபா மாத்திட்டேன், இன்னும் நொண்டிக்கினு கீது" என்றார் மாமா. குளம்பில் கை வைத்தேன், கொதித்தது. கிறிஸ்துமஸ் தொடங்கி ஊரே அதற்குக் கேக்கும் வெல்லமும் ஊட்டியிருக்கிறது. மறுநாள் வந்த கால்நடை மருத்துவர் சொன்னது தெளிவானது. இனிப்பு மிகுந்ததால் குளம்புக்குள் இருக்கும் சதை அழன்றிருக்கிறது. லாடத்தைக் கழற்றி, மெத்தென்ற மணலில் நிறுத்தி, கழுவிய காய்ந்த புல்லும் வைக்கோலும் மட்டும் கொடுத்தால் தேறும். "இன்னொரு தடவை இனிப்பு உள்ளே போச்சுன்னா, குளம்புக்குள்ள எலும்பு இறங்கிடும். அப்புறம் நிக்கவே நிக்காது." ஊசி போட்டுவிட்டு அவர் போனபின், மாமா வெகுநேரம் ராணியின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பொங்கலுக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் அண்டாவில் வைக்கோல் நனைக்கத் தொடங்கினேன். மீன் விற்றுத் திரும்பும் ரோஸ்லின் அத்தை, மாமாவின் மனைவி, கூடையை இறக்கியதும் இடுப்பில் கை வைத்து நின்றார். "இன்னாடி இது? வெளிநாடு போய் வைக்கோலுக்குத் தல குளிப்பாட்டக் கத்துக்கினு வந்தியா? சோப்பு வேணுமா?" மாமா தன் பங்குக்கு, "எங்களுக்கும் இப்டி எடபோட்டு சோறு போடு, தொப்ப கொறையட்டும்" என்றார். சிரித்துக்கொண்டே இருவரும் அண்டாவைத் தூக்கிவர உதவினார்கள். லாடம் கழன்ற காலால் ராணி மணலில் மெல்லத் தடவித் தடவி மிதித்தது. நாளுக்கு நாள் குளம்பின் சூடு தணிந்தது. ஆனால் காணும் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. தார்ச்சாலையில் ஓரடியும் வைக்க முடியாத குதிரையை வேறெங்கும் ஒளித்துவைக்கவும் வழியில்லை.

காணும் பொங்கலன்று பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் மணல் தெரியாத கூட்டம். நான் ஆயத்தமாகவே இருந்தேன். கவிழ்த்துப்போட்ட படகின் மீதேறி, "அலைகடலென ஆர்ப்பரித்து வந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே!" என்று தொடங்கினேன். குரல் கடலோசையையும் வென்றது. வாயில்லாச் சீவனின் வலியை எடுத்துரைத்தேன். "ஊட்டுவது அன்பு, ஊட்டாமல் காப்பது பேரன்பு!" என்று முடித்தபோது கைத்தட்டல் வானைப் பிளந்தது. இறங்கியதும் ஒருவர், "சூப்பர் ஸ்பீச்சும்மா, இன்னா கட்சி நீங்க?" என்று விசாரித்தார். அவர் மனைவி அதற்குள் தூக்குவாளியைத் திறந்து கொட்டகைக்குள் போயிருந்தார். நெய்மணம் எட்டியதும் ராணி கழுத்தை நீட்டியது. அதன் உதடு கவளத்தைத் தொடும் தூரத்தில் இருந்தது. என் நா, வாழ்வில் முதன்முறையாக, ஒட்டிக்கொண்டது.

"ஏய் பச்சப் பொடவ! கைய எடு! குதிர செத்துப்போவும்!"

ரோஸ்லின் அத்தையின் குரல். ஏழே சொற்களில், என் பத்து நிமிடப் பேச்சு செய்யாததை அது செய்தது. அந்தப் பெண் பதறிக் கையை இழுத்துக்கொண்டார். கவளம் மணலில் விழுந்தது. நான் அதைக் காலால் மண்ணுக்குள் தள்ளி மூடினேன். அவர் முகம் வாடியது. "கே.கே. நகர்லருந்து வர்றோம்மா. வருஷா வருஷம் என் கையால ஒரு வாய் குடுப்பேன். குடுக்காம எப்டிப் போறது?" என்றார். அவர் பின்னால் வாளிகளோடு இருபது முப்பது பேர் நின்றார்கள். அத்தை எத்தனை பேரைத்தான் அதட்டுவார்?

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை தூரம் அவர்களை இழுத்து வந்தது வாளியில் இருந்த பொங்கல் அல்ல, தம் கையால் ஊட்டும் ஆசை. நானோ அவர்களிடம் அந்தக் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்டாவிலிருந்து கழுவிய வைக்கோலில் நாலே இழை உருவி அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தேன். "இதக் குடுங்கக்கா, இது அதுக்கு மருந்து." மேடைத்தமிழ் எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை. ராணி அதை உதட்டால் துழாவி எடுத்து மென்றது. அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து வரிசை தானாக உருவானது. அத்தை அண்டாவின் முன் சம்மணமிட்டு அமர்ந்து, மீன்சந்தைக் குரலை எடுத்தார். "வா வா வா! குதிரைக்கு வைக்கோலு, கையால குடு! ஆளுக்கு நாலு குச்சி, அஞ்சாவது கேட்டா அடி! நைனா, பொங்கல எங்கிட்ட குடு, நான் துன்றேன்!" பொழுது சாயும்வரை, நான் காலையில் எடைபோட்டு வைத்திருந்த அன்றைய பங்கை, ஒரு பிடியும் கூடாமல், ஊரே சேர்ந்து ஊட்டி முடித்தது. வாளிகளிலிருந்த பொங்கலை நாங்களும் பக்கத்துப் படகுக்காரர்களும் தின்று தீர்த்தோம். "குதிரைக்குத்தான் டயட்டு, எனக்கு இல்ல" என்று மாமா மூன்றாவது வாளியைத் திறந்தார். நான் பெற்ற கோப்பைகள் எவையும் அன்று மாலைக்கு ஈடாகா.

வேல்ஸுக்குத் திரும்பி எலினிடம் இதைச் சொன்னேன். "ஆக, உங்கள் ஊரில் குதிரைக்குப் புல் போட ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள், கூலியும் வாங்காமல்?" என்றாள். ஆமென்றேன். பண்ணையில் எத்தனை வலைப்பை இன்னும் நனைக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்து, ஆழமாகப் பெருமூச்சுவிட்டாள். அவள் பொறாமைப்படுகிறாள் என்பதை நான் முழு மனத்தோடு ரசித்தேன்.

பிப்ரவரி இறுதியில் ஒரு காலை, பனி கணுக்கால்வரை பெய்து நின்றிருந்தபோது, அலைபேசியில் மாமாவிடமிருந்து படம் வந்தது. ஈரமணலில் ராணியின் குளம்புத்தடங்கள், தயங்காத இடைவெளியில், நேர்கோட்டில். இரும்பின் வளையம் இல்லாத முழுத்தடம் ஒவ்வொன்றும். கூடவே ஒரு குரல்பதிவு: "பாப்பா, நல்லா நடக்குது. நொண்டவே இல்ல." தடங்களின் ஓரமாக மாமாவின் வெறுங்கால் சுவடும் கூடவே போனது. நான் கத்திய கத்தலில் மெக் திடுக்கிட்டு வேலியோரம் துள்ளி நடந்தது. புதுப்பனியில் அதன் தடங்களும் அச்சு அசலாக அப்படியே பதிந்தன, கடலும் மலையும் ஒரே காலால் மிதிக்கப்பட்டதைப் போல. பக்கத்தில் என் தடத்தைப் பார்த்தேன். இரண்டு காலுறைக்கு மேல் மாட்டிய ரப்பர் பூட்ஸின் வரிவரியான அச்சு. இரண்டு ஊர்க் குதிரைகளும் இப்போது லாடம் இல்லாமல் நடக்கின்றன. மண்ணைத் தொடாத காலோடு, சிரித்துக்கொண்டே நின்றவள் நான் ஒருத்திதான்.