கிணற்றுப் பங்கு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ரைப்ரைட்டிங் மட்டும் பழகியிருந்தேன். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நல்லூரில் ஒரு சட்டத்தரணியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கொழும்பில் நிதி அமைச்சில் பெரிய பதவியில் இருந்து, சட்டங்களுக்கு வாசகம் எழுதியவர் அவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஒரு சூட்கேசோடு ஊருக்கு வந்தார். அமைச்சு திரும்பக் கூப்பிட்டும் போகவில்லை. முன்னறையில் நொத்தாரிசு பலகையை மாட்டிக் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதத் தொடங்கினார். போய்விடுவாரோ என்று, ஒவ்வொரு தபாலிலும் அமைச்சின் முத்திரை இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

சண்டிலிப்பாயில் ஒரு பெண்ணுக்குச் சீதன உறுதி அடித்தேன். நாலு பரப்புத் தோட்டக் காணி. எல்லைகள் பிழையாகிவிடும் என்ற பயத்தில் அவற்றையே ஏழு தரம் சரிபார்த்தேன். அவளுடைய கல்யாணத்தன்று காலை எங்கள் கிணற்றில் வாளியை இறக்கியபோதுதான் நினைவு வந்தது. கிணற்றுப் பங்கை எழுதவில்லை! கிணறு இருப்பது தமையனுக்குப் போகும் பாதியில். பங்கில்லாவிட்டால் அவள் ஒவ்வொரு இறைப்புக்கும் தமையனிடம் கேட்டு நிற்கவேண்டும்.

சொல்லாமல் விட்டால்? யாரும் இன்றைக்குக் கவனிக்கமாட்டார்கள். ஆனால் பத்து வருஷம் கழித்து? சைக்கிளை எடுத்துக்கொண்டு சட்டத்தரணி ஐயா வீட்டுக்குப் போனேன்.

"ஐயா, பிழை விட்டிட்டன்."

முழுதையும் கேட்டார். "வாசிச்சுக் கையெழுத்து வைச்சது நான். பிழை என்ரை. திருத்த உறுதி ஒண்டு அடியும், பிள்ளை. தாலி கட்ட முந்தித் தகப்பன் கையெழுத்து வைக்கவேணும்."

அவசரத்தில் இரண்டு தாள் வீணானது. பிறகு இரண்டு பேரும் சைக்கிளில் போனோம்.

கல்யாண வீட்டில் மேளகாரர் வந்திருந்தார்கள். ஐயா கிணற்றுப் பேச்சை எடுத்ததும் தமையன், "ஐயா கலியாணத்துக்கு வந்தனீங்களோ, கிணறு வெட்ட வந்தனீங்களோ?" என்றான். பந்தலில் சிரிப்பு. விஷயம் முழுதும் விளங்கியதும் அவன் முகம் கறுத்தது. "தங்கச்சிக்குத் தண்ணி குடுக்க எனக்கு உறுதி வேணுமே? என்னை என்னெண்டு நினைச்சியள்?"

ஐயா குரலை உயர்த்தவில்லை.

"நீர் குடுப்பீர் தம்பி. உம்மடை பிள்ளையள் அவளின்ரை பிள்ளையளுக்குக் குடுப்பினமோ?"

தகப்பன் மகனையும், உள்ளே கூறைச் சேலை உடுத்திக்கொண்டிருந்த மகளின் அறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "கொண்டாங்கோ பேனையை," என்றார். தாயும் வந்து கையெழுத்து வைத்தார். பந்தலிலிருந்த இரண்டு பேர் சாட்சி.

திரும்பும் வழியில்தான் எனக்குத் துணிவு வந்தது. "ஐயா ஏன் பிறகு அமைச்சுக்குப் போகேல்லை?"

சைக்கிளின் வேகத்தைக் குறைத்தார். "அங்கை நானும் ஒரு சட்டத்திலை ஒரு சொல்லை விட்டனான், பிள்ளை. அச்சிலை வந்த பிறகுதான் கண்டது. நாடு முழுக்கப் போயிட்டுது. அதைத் திருத்த ஆரின்ரை வீட்டுக்குப் போறது?"

அப்படியானால் போகமாட்டார். ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். ஆனால் சாட்சிகளின் அடையாள அட்டை இலக்கத்தைச் சரியாக எழுதினேனா என்ற எண்ணம் அதற்குள் ஏறிவிட்டது. மானிப்பாயில் இறங்கிப் பையைத் திறந்தேன்.

"சரியாத்தான் இருக்கு, வாரும்," என்றார் திரும்பிப் பார்க்காமலே.

ஆனாலும் பார்த்தேன்.