அண்ணன் எழுதாத வரி

இடது கையில் டீயைப் பிடித்துக்கொண்டு, வலது சுட்டுவிரலால் திரையை வரிவரியாகத் தடவிப் படிக்கிறார் அக்கா. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் இருபத்திரண்டு வருஷம். மேலதிகாரிக்குக்கூட அவர் அக்காதான். சர்வருக்குள் யார் நுழைந்தாலும் தானாக ஓடும் கட்டளைகள் ஒரு கோப்பில் இருக்கும். காலையில் முதல் வேலை அதைப் படிப்பது. "வாசலைப் பாக்காம வீட்டுக்குள்ள போவோமா?" என்பார்.

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எழுதியவர் பெயரும் தேதியும் உண்டு. பாதி, எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்டவர் எழுதியவை. அக்காவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். "ஏம்மா, புள்ளியை முழுங்கிட்டியா?" என்று அக்காவின் பிழைகளுக்குப் பக்கத்தில் கோப்பிலேயே குறிப்பு எழுதிவைத்து வம்பிழுப்பார். மூன்று வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அதிலிருந்து அவருடைய பகுதி வந்தால் அக்காவின் விரல் படிக்க நிற்காமல் ஓடிவிடும்.

போன மாதம் யாரோ உள்ளே புகுந்து பரிசோதனை முடிவுகளைப் பூட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பூட்டைத் திறந்து, பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றினார்கள். நான்கே நாளில் மறுபடி பூட்டு. ரத்தப் பரிசோதனை முடிவு வராமல் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் எல்லாம் சுத்தமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அப்புறம் எந்த வழியாத்தான் வர்றான்?" அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

அன்று மதியம் அக்கா அண்ணனின் பகுதியைத் திறந்தார். பழைய சண்டைகள், பழைய கிண்டல்கள். சிரித்தார், மூக்கை உறிஞ்சினார், மேலே படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. யார் நுழைந்தாலும், சத்தமில்லாமல் வெளியாள் ஒருவனுக்கும் வழி திறந்துவிடும் வரி. பக்கத்தில் அண்ணன் பெயர். ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"இது அவர் எழுதினதில்ல சார்."

"பேர் இருக்கேக்கா."

"அன்னிக்கு அவர் பொண்ணுக்குக் கல்யாணம். நாள் முழுக்க மண்டபத்துல நின்னு வர்றவங்களைக் கும்பிட்டுட்டிருந்தாரு. நான் பக்கத்துலயே நின்னேன். எவனோ அவர் பேரையும் பழைய தேதியையும் போட்டு நுழைச்சிருக்கான்."

வரியை எடுத்தார்கள். பாஸ்வேர்டுகளை மறுபடி மாற்றினார்கள். மூன்று வாரம் ஆயிற்று, யாரும் வரவில்லை.

"பழசையெல்லாம் மொத்தமா தூக்கிடலாமாக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

"வேணாம் சார். இனிமே படிச்சிடுறேன்."

மறுநாள் காலை அண்ணனின் பகுதி வந்ததும் அக்கா எழுந்துபோய், அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து படிக்க உட்கார்ந்தார்.