தையல்காரம்மாவின் கொல்லை

கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டு, வெள்ளை லைனிங் துணி ஒன்றைப் புல்மேல் இழுத்தபடி தையல்காரம்மா கொல்லையைச் சுற்றி வருகிறார். சற்றுத் தூரத்துக்கு ஒருமுறை நின்று துணியைப் புரட்டிப் பார்க்கிறார். எள்ளளவு கறுப்பு ஊர்ந்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். "வாடி வா, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்று அந்த உண்ணியைச் சாமணத்தால் பிடித்து, சோப்புத் தண்ணீர் உள்ள பழைய ஜாம் பாட்டிலில் போட்டு மூடியை இறுக்குகிறார். போன உயிருக்கு எதற்கு அவ்வளவு இறுக்கமான மூடி என்று ஒருநாள் கேட்டேன். "அதுங்கள நம்பக்கூடாது" என்றார்.

கீழ்வீட்டின் முன்னறைதான் அவருடைய தையற்கடை. பின்னால் கொல்லை. நான் மாடியில் குடியிருப்பதால் இரண்டும் எனக்கு இலவசக் காட்சி. ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது சந்தேகம். உதட்டில் எந்நேரமும் நாலைந்து குண்டூசி இருக்கும். பேச்சு, திட்டு, சிரிப்பு எல்லாம் வாயின் இடப்பக்க ஓரமாகத்தான் வரும். "நாளைக்கு வாங்க" என்று சொல்லி நாளைக்கே துணியைக் கொடுத்துவிடுகிற அபூர்வப் பிறவி.

கடை வாசலில் ஒரு மழை நாளில் ஒதுங்கிய பழுப்பு நிறப் பெட்டை, மழை விட்ட பிறகும் போகவில்லை. ஒரு காது பாதிதான் இருக்கும். பெயர் மகராசி. அவர் முன்னால் அதை யாரும் நாய் என்று சொல்லிவிட முடியாது. "பேர் இருக்குல்ல? கூப்பிட வாய் வலிக்குதா?" என்று கேட்டுவிடுவார்.

வம்பு, வீட்டுக்காரரின் பேத்தியுடைய கணுக்காலில் ஆரம்பித்தது. அதே வீட்டின் மறுபாதியில் இருக்கிறார் வீட்டுக்காரர். குழந்தை கொல்லையில் மண் அள்ளி விளையாடிவிட்டு வந்தால், வரிசையாகச் சிவப்புத் தடிப்பு. தெள்ளுப்பூச்சிக் கடி. ஒருநாள் தாத்தா நேரே கடைக்குள் வந்து நின்றார்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள பூச்சி போகணும். இல்லன்னா நாய் போகணும்."

"பூச்சி போகும் அண்ணே. மகராசி போகமாட்டா." ஊசிகள் வாயில் இருந்தபடியே பதில் வந்தது.

அன்று தொடங்கியது போர். கால்நடை மருத்துவர் மகராசிக்கு ஒரு மாத்திரை கொடுத்து, அதன் உடம்பில் இருப்பது கொஞ்சம்தான், முட்டையும் குஞ்சுமாக மிச்சமெல்லாம் அது படுக்கிற இடத்தில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். தையல்காரம்மா புல்லை ஒட்ட வெட்டினார். மூலையில் மக்கிக் கிடந்த சருகை வாரினார். விறகுக் குவியலைக் கலைத்து வெயிலில் பரப்பினார். வேலிச் செடிக்கும் புல்லுக்கும் நடுவே சரளைக்கல் கொட்டி, "இதத் தாண்டி வரட்டும் பாப்போம்" என்றார். மாலையில் மகராசியை மடியில் கிடத்திப் பேன் சீப்பால் வாரினார். அதுவும் ராணி மாதிரி கண்ணைச் செருகிக்கொண்டு கிடக்கும்.

வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு கேன் நிறைய கடும் விஷம் கொண்டுவந்தார். "மொத்தமா ஊத்திடுங்கம்மா. ஒரே நாள்ல தீந்துடும்."

"அவளும் தீந்துடுவா. எந்நேரமும் கால நக்குறவ அவ. உங்க பேத்தி வெளையாடுற மண்ணும் இதுதான் அண்ணே."

கேன் திரும்பிப் போயிற்று. மருத்துவர் சொன்ன மருந்தை, நிழலும் ஈரமும் உள்ள இடங்களில் மட்டும் அளந்து தெளித்தார். துணியில் உண்ணி ஏறுவது நின்றது. ஆனால் மகராசி சொறிவது நிற்கவில்லை. பேத்தியின் கணுக்காலிலும் புதுத் தடிப்பு.

உண்மை வெளிப்பட்டது ஒரு தேநீர் நேரத்தில். வெள்ளைத் துணியை, கொல்லையில் மகராசி படுக்கிற மெத்தைமேல் போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தவர், எழுந்து துணியை உதறப்போனபோது அதில் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் பொடி. விரலில் தண்ணீர் தொட்டு அதன்மேல் வைத்தார். பொடி சிவப்பாகக் கரைந்தது. குடித்த ரத்தத்தைத் தெள்ளு கழித்த எச்சம்.

அந்த மெத்தை அவர் கைவேலை. வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை அடைத்து, நாலு பக்கமும் இரட்டைத் தையல் போட்டு மூடியது. உறையைக் கழற்ற வழியில்லை, துவைக்க வழியில்லை. வேறு யார் தைத்திருந்தாலும் ஒரு மூலையாவது பிரிந்திருக்கும். இவர் தைத்தது பிரியவே பிரியாது. கொல்லை முழுக்கச் சலித்தவர் இதை மட்டும் தட்டி ஓரமாக வைத்துவிட்டுச் சுற்றிக் கூட்டியிருக்கிறார்.

"நானே வீடு கட்டிக் குடிவச்சிருக்கேன், பாருங்க" என்று என்னை அண்ணாந்து பார்த்துச் சொன்னார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது.

மெத்தையைத் தகர டின்னில் போட்டு எரித்தார். மகராசிக்குப் பழைய போர்வை வந்தது. அடிக்கடி வெந்நீரில் முக்கி வெயிலில் காயப்போடுவதற்கு வசதியாக இரண்டு. இதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மதில் பக்கம் போய் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் தொடங்கினார்.

"நீங்க சொன்னது வேற அண்ணே. தப்பு பண்ணினது நான். அனுப்புறதுன்னா என்னைய அனுப்புங்க. ஒண்ணும் அறியாதவள எதுக்கு அனுப்பணும்?"

எனக்கு மாடியிலிருந்து கை தட்டவேண்டும்போல் இருந்தது. வீட்டு வாடகை ஒப்பந்தம் ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

மாதக் கடைசியில் வீட்டுக்காரர் வந்தார். கொல்லை வாசலோடு நின்றுகொண்டார். பேத்தியின் கால் ஆறிவிட்டது, புதுக் கடி இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். புல்லைப் பார்த்தார், சரளையைப் பார்த்தார், புல்மேல் கால் நீட்டிக் கிடந்த மகராசியைப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"இப்ப இல்ல, சரி. நாளைக்கு வராதுன்னு என்ன நிச்சயம்? அந்த ஒடம்புல ஒண்ணுகூட இல்லன்னு யாரு சொல்றது? எதுக்கும்மா வம்பு, எங்கயாவது விட்டுடுங்க."

தையல்காரம்மா உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். கொண்டையை அவிழ்த்தார். இடுப்புவரை வந்து விழுந்தது கூந்தல். புல்மேல் உட்கார்ந்து, அதை மகராசியின் முதுகின்மேல் பரப்பி, அதன் வயிற்றில் தலைசாய்த்துப் படுத்து, வீட்டுக்காரரைப் பார்த்தபடியே இருந்தார்.