ஜாம் போத்தலும் லிப்டும்

இன்று பின்னேரம் எங்கள் மாடிவீட்டுத் தொகுதியில் கூட்டம். கூரையில் சூரியத் தகடு பூட்டினால் கரண்ட் இல்லாவிட்டாலும் லிப்ட் ஓடுமாம். முழங்கால் நோவோடு மூன்றாம் மாடி ஏறும் என் மனைவிக்காகப் போனேன்.

"அரைவாசி அரசாங்க மானியம், அரைவாசி வங்கிச் சலுகைக் கடன். ரெண்டையும் சேர்த்தால் செலவுக்குக் காணும் ஐயா," என்றார் வந்த அதிகாரி.

"எது தம்பி முதல் வரும்?"

"வங்கி ஓமெண்டால் அரசாங்கம் தரும். அரசாங்கம் ஓமெண்டால் வங்கி தரும்."

எனக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. போனுக்குச் சொல்லித்தான் இதையும் பதிகிறேன். ஆனால் இதேமாதிரி முன்பு நடந்த ஒரு கதை மறக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் போரால் இடம்பெயர்ந்து கொடிகாமத்துப் பள்ளிக்கூடமொன்றில் இருட்டுக்குள் கிடந்தோம். விளக்குக் கொடுக்க வந்தவர்கள், மண்ணெண்ணெய் உள்ளவருக்குத்தான் விளக்கு என்றார்கள். மண்ணெண்ணெய் கொடுக்க வந்தவர்கள், விளக்கு உள்ளவருக்குத்தான் எண்ணெய் என்றார்கள். என் மனைவி வெறும் ஜாம் போத்தலில் பஞ்சுத்திரியைச் செருகி, "இந்தா என்ரை விளக்கு, ஊத்துங்கோ," என்று நீட்டினாள். ஊற்றினார்கள்.

கூட்டத்தில் நடந்ததை வீட்டில் சொன்னேன். "அப்ப போத்தலைக் காட்டினன். இப்ப எதைக் காட்டச் சொல்லுறாங்கள்?" என்றாள்.

ஜாம் போத்தலில் லிப்ட் செய்யத் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.