திருப்பூர் வண்டிக்கு நிற்கிறவள்

பஸ்ஸைப் படம் எடுக்கிற வேலைக்குச் சம்பளம் கிடையாது, சங்கம் கிடையாது; வெயில் மட்டும் தாராளமாக உண்டு. உங்களிலும் சிலர் இந்தக் கிறுக்கில் இருப்பீர்கள். புது வண்டி ஸ்டாண்டுக்குள் அழகாகத் திரும்பும், சரியாக அந்த நேரம் பார்த்து ஒருவர் குறுக்கே சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். அந்த வயிற்றெரிச்சல் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் செல்வராணி. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில். காலையில் வேலைக்கு ஏறுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பஸ் ஸ்டாண்டில் நின்று, வருகிற போகிற வண்டிகளை போனில் எடுப்பேன். நான் மதுரையைத் தாண்டிப் போனதில்லை. போர்டில் எழுதியிருக்கிற ஊர்களையாவது படமாக வைத்துக்கொள்ளலாமே என்று ஆரம்பித்ததுதான்.

பூக்காரம்மாவின் சந்தேகம்

ஸ்டாண்டு வாசலில் பூ விற்கும் அம்மா ஒருவர் என்னை வெகுநாள் கவனித்திருக்கிறார். ஒரு பெண் தினமும் வந்து நிற்கிறாள், ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்க்கிறாள், போனைத் தூக்குகிறாள், கடைசியில் தனியாக ராஜபாளையம் வண்டியில் ஏறிப் போகிறாள். அவர் மனதில் ஒரு முழுக்கதையே ஓடியிருக்கிறது. ஒருநாள் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, கேட்காமலே ஒரு முழம் பிச்சிப்பூவைக் கையில் கொடுத்தார்.

“நான் பஸ்ஸத்தான் படம் எடுக்கேன்மா, ஆளு யாரையும் தேடல” என்றேன். அவர் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லாரும் மொதல்ல அப்பிடித்தான் சொல்லுவாக. வராதவன நெனச்சு வெயில்ல நிக்காத தாயி, ஏறி வேலையப் பாக்கப் போ.”

அருவிச் சத்தம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலையடிவாரத்தில் அருவிக்குப் பக்கத்தில் இருக்கிற அய்யனார் கோவிலுக்குப் போகிற பஸ்ஸை எடுக்கப் போனேன். மலை பின்னால், மரம் இரண்டு பக்கமும், நடுவில் வண்டி. இப்படி ஒரு படத்துக்காக நம் ஆட்கள் எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். டிரைவர் என்னைப் பார்த்ததும் இறங்கி, பக்கக் கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டு வந்து வண்டி முன்னால் நின்றுவிட்டார். நான் எடுக்க வந்தது அவரை இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

எடுத்து முடித்ததும், “நீங்க தெனமும் அருவியில குளிக்கலாம், கொடுத்து வச்சவக” என்றேன். அவர் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “எங்கம்மா. வண்டியத் திருப்பவும் ஆளு ஏறவும் நேரம் சரியாப் போயிரும். இந்த ரூட்டுக்கு வந்து எம்புட்டோ நாளாச்சு. சத்தந்தான் கேக்கும், தண்ணி மேல பட்டதில்ல.”

அண்ணாச்சி

பஸ் பிரியர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். நானும் இருக்கிறேன். என் முகப்புப் படம் ஒரு மஞ்சள் பஸ். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர். ஒருமுறை மகாராஜபுரம் போகிற டவுன் பஸ்ஸைப் போட்டேன். ஒரு பக்க லைட் உடைந்து, போர்டில் ‘ம’ அழிந்துபோய் ‘காராஜபுரம்’ என்று நிற்கும் பழைய வண்டி. யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

திருப்பூரிலிருந்து ஒருவர் பதில் போட்டார். பெயர் பொன்ராஜ், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், சொந்த ஊர் மகாராஜபுரம். “அண்ணாச்சி, அது எங்க ஊரு வண்டி! படிக்கட்டுல நிக்கது எங்க சித்தப்பா மாதிரி இருக்கு. இன்னொரு படம் கிட்டக்க எடுத்துப் போடுங்க அண்ணாச்சி.” எடுத்துப் போட்டேன். சித்தப்பா இல்லை. ஆனாலும் தினமும் கேட்டார். வைக்கோல் ஏற்றியிருக்கிறார்களா, ஜன்னல் ஓரம் யார், டயரில் சேறு இருக்கிறதா. சேறு இருந்தால் ஊரில் மழை என்று அவருக்குச் சந்தோஷம்.

ஒருநாள் டைப் பண்ண நேரமில்லாமல் குரலில் பதில் அனுப்பிவிட்டேன். அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மறுநாள் காலையில் அவருடைய குரல் வந்தது, தொண்டையை இரண்டு முறை செருமிக்கொண்டு: “அண்ணாச்சின்னு சொல்லிட்டேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஆனா படத்த மட்டும் நிறுத்திராதீங்க.”

கண்டக்டரின் யோசனை

பதிலுக்கு நான் ஒன்று கேட்டேன். காலையில் ராஜபாளையத்திலிருந்து எங்கள் ஸ்டாண்டுக்குள் வந்துவிட்டுப் போகிற திருப்பூர் வண்டியை அங்கே போய்ச் சேர்ந்ததும் எடுத்து அனுப்பமுடியுமா என்று. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. இங்கே கழுவித் துடைத்து, முன் கண்ணாடியில் ஈரப் பூமாலையோடு கிளம்பும். மத்தியானம் பொன்ராஜின் படத்தில் அதே வண்டி புழுதி அப்பி, மாலை வாடி, வேறு ஒரு வெயிலில் நிற்கும். பின்னால் ஒரு மேம்பாலம், பெரிய கடைகள், எனக்குத் தெரியாத கூட்டம். நான் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னால் இருப்பதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாள் போனதும், படத்தின் ஓரத்தில் எங்காவது எடுத்தவரின் நிழல் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த வண்டி கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் விசில் ஊதப்போனவர் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். “இங்கன நீங்க எடுக்கிய, அங்கன எறங்குனதும் ஒருத்தர் எடுக்காரு. பேசாம ரெண்டு பேரும் டிக்கெட் எடுத்து ஏறுங்க. கவர்மெண்டுக்காவது வருமானம் வரும்.”

பெண் பார்க்க வந்தவர்கள்

சிவகாசியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் நல்ல மாதிரி. சொந்தமாக லாரி வைத்திருந்தார்கள். காப்பி குடிக்கும்போது பையனின் அம்மா, “போட்டோ எல்லாம் நல்லா எடுப்பியாமே, காட்டும்மா” என்று போனை வாங்கினார். தள்ளினார், தள்ளினார், தள்ளிக்கொண்டே இருந்தார். “ஒரு கல்யாணம், காதுகுத்து ஒண்ணையும் காணோமே” என்று பையனிடம் கொடுத்தார். பையன் கொஞ்சம் பார்த்துவிட்டு, “லாரியும் எடுப்பீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். பாவம், நல்ல மனதோடுதான் கேட்டார்.

அவர்கள் போனதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா ஏன் ஏன் என்று துளைத்தாள். முகம் பார்த்திராத ஒருவரின் மத்தியானப் படத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? “லாரி, அது இதுன்னு பேசுதாங்க, எனக்குச் சரிப்படாதும்மா” என்றேன். அம்மா காப்பி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, டொக்கென்று வைத்தாள்: “ஏட்டி, அப்போ பஸ்ஸையா கட்டிக்கிடப் போற?”

தேரோட்டத்தன்று

ஆடிப்பூரத் தேருக்கு ஒருநாள் லீவு கிடைத்திருக்கிறது, வாரேன் என்றார் பொன்ராஜ். திருப்பூரிலிருந்து வருகிறவர் மகாராஜபுரத்துக்குப் போகக் கிருஷ்ணன்கோவிலிலேயே இறங்கிவிடலாம். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை டிக்கெட் எடுத்தார். ஸ்டாண்டில் செத்த நேரம் பார்த்துப் பேசிவிட்டுப் போவதாக ஏற்பாடு. நான் நீலச் சேலை என்று சொல்லியிருந்தேன். அவர் சட்டை நிறம் சொல்லவில்லை. கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இத்தனை வருஷம் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருக்கிறவள், தேர் அன்றைக்கு வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தித் திருப்பிவிடுவார்கள் என்பதை மறந்தேபோனேன். ஸ்டாண்டு காலியாகக் கிடந்தது. கூட்டத்தில் போனும் வேலை செய்யவில்லை. அவரை மதுரை ரோட்டில் எங்கோ இறக்கிவிட்டிருக்கிறார்கள். கூட்டத்தை எதிர்த்து அவர் ஸ்டாண்டுக்கு நடந்து வர, நான் அவரைத் தேடி மதுரை ரோட்டுக்கு நடந்து போக, எந்தத் தெருவில் ஒருவரை ஒருவர் தாண்டினோம் என்று இன்றைக்கும் தெரியாது. அவர் மறுநாள் வேலைக்கு நிற்கவேண்டும். அம்மா அப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிட்டார். நான் திரும்ப வந்து காலி ஸ்டாண்டில் நின்றிருந்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து சொன்னார்: “எதுக்கும்மா நிக்கிய? இன்னைக்கு இந்த ஊருல தேரு மட்டுந்தான் ஓடும்.”

நூல் ஆபீஸ்

எங்கள் மில் நூலில் பெரும்பங்கு திருப்பூருக்குத்தான் போகிறது. அங்கே உள்ள விற்பனை ஆபீசுக்குக் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும், போகிறாயா என்று மேனேஜர் கேட்டார். யோசிக்காமல் சரி என்றேன். ஒரு வாரம் அம்மா பேசவில்லை. எட்டாம் நாள் அவளே பெட்டியைத் துடைத்து எடுத்துவைத்தாள். அதற்குப் பிறகுதான் பொன்ராஜை போனில் கூப்பிட்டேன்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர், “நான் ஊருக்கே வந்துருதேங்க” என்றார். அவர் அப்பா தென்னந்தோப்பில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டுவிட்டார். அண்ணன் பட்டாளத்தில். தோப்பையும் வயலையும் பார்க்க ஆளில்லை. “இந்த மாசத்தோட கணக்கு முடிக்கேன். உங்ககிட்ட நேர்ல வந்து நின்னு சொல்லணும்னு இருந்தேன்.”

அன்றைக்கே மேனேஜரிடம் போய், வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். போன் கையில் சூடாக இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்டில் மட்டும் படித்த ஊருக்கு இப்போது போகாவிட்டால் பிறகு என்றைக்கும் போகமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அவரிடம் அதைத் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “போங்க. போகாம இருந்துட்டீங்கன்னா, பொறவு தெனமும் என்னையப் பாத்து அத நெனைப்பீங்க.”

ஜன்னல் ஓரம்

அவர் ஊருக்கு வந்து சேர்ந்த மறுவாரம் நான் கிளம்பினேன்; அதே திருப்பூர் வண்டியில் முன்னாலிருந்து இரண்டாவது சீட்டு, ஜன்னல் ஓரம். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பிள்ளைகளின் கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் நினைத்துவைத்திருந்ததைவிடக் குட்டை. காதோரம் கொஞ்சம் நரை. வேட்டி நுனியில் வயல் சேறு.

“பொன்ராஜா?” என்றேன். தலையாட்டினார். ஒரு பை நிறைய இளநீரை ஜன்னல் வழியாக ஏற்றிவிட்டார். அவர் போன் சட்டைப்பையிலேயே இருந்தது. வண்டி உறுமியது. “வண்டிய எடுக்கலையா?” என்று கேட்டேன், வேறு எதுவும் வாயில் வராததால். ஜன்னல் கம்பியில் கையை வைத்தபடி அவர் சொன்னார்: “வண்டி நாளைக்கும் வரும். இப்போ செத்த நேரம் கண்ணால பாத்துக்கிடுதேன்.”

இப்போது நான் திருப்பூரில், அவர் மகாராஜபுரத்தில். காலையில் அவர் கிருஷ்ணன்கோவிலுக்கு வந்து வண்டியை எடுத்து அனுப்புகிறார், மத்தியானம் நான் இங்கே எடுத்து அனுப்புகிறேன். எங்கள் இரண்டு பேரையும் தினமும் பார்க்கிற பாக்கியம் அந்த பஸ்ஸுக்கு மட்டும்தான்.