செவ்வாய்க்கிழமை நான் வெட்டிய கம்பி

ஐம்பதுகளின் நடுப்பகுதி, மார்கழி மாத அடைமழைக் காலம். மருதமுனையில் கலியாணம் முடித்து வந்து எனக்கு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். அப்படித்தான் காத்தான்குடியில் பிறந்த நான் மருதமுனைக்காரன் ஆனேன். உம்மா அங்கே என் மூத்த சகோதரி ராத்தாவோடு இருந்தார். இடையில் இருபது மைல்கூட வராது. ஆனாலும் பெற்ற தாயை விருந்தாளி மாதிரிப் போய்ப் பார்ப்பது எனக்குப் பெரிய மனவருத்தம். மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறுவேன். ராத்தாவின் வீடு ரோட்டோரம். பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டாலே உம்மா உள்ளே இருந்து, "என்ட மகனா?" என்று கேட்பார். அந்தக் குரலைக் கேட்கத்தான் நான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு நெசவுதான் தொழில். மாமனாரின் வளவுக்குள் தறிக் கொட்டில், தென்னோலைக் கிடுகுக் கூரை. திங்கட்கிழமை அடித்த காற்றில் கூரையின் ஒரு பக்கம் பிய்ந்து, தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் நனையத் தொடங்கியது. கல்முனைக் கடை ஒன்றுக்கு நெய்ய வேண்டிய சாரங்கள் அவை. செவ்வாய் காலை கட்டுவதற்குக் கயிறு தேடி வெளியே போனேன். ரோட்டோரத்தில் தந்திக் கம்பம் ஒன்று சரிந்து கிடந்தது. அதன் கம்பி தாழ்ந்துபோய், ஒரு கவட்டைத் தடியின் மேல் இடுப்பளவு உயரத்தில் தொங்கியது. தடியை யாரோ சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்கு ஊன்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என்னைப்போன்ற அவசரக்காரனுக்கு அந்த மட்டுப் புத்தியும் கிடையாது.

பக்கத்து வீட்டில் குறடு வாங்கிக்கொண்டு புறப்பட்டபோது மனைவி வேலியடியில் நின்று தடுத்தாள்.

"இஞ்ச, அது கவுண்மேந்துக் கம்பி. கை வெக்காதீங்க."

"விழுந்து கிடக்கிற கம்பியில என்ன கவுண்மேந்து? அது செத்த கம்பி புள்ள" என்றேன்.

இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடி நீளத்துக்கு வெட்டினேன். கவட்டைத் தடியையும் விடவில்லை. அதைக் கொட்டிலுக்கு முட்டுக் கொடுத்தேன். கம்பியால் கூரையை இழுத்துக் கட்டியதும் அசையாமல் நின்றது. என்னைப்போல் கெட்டிக்காரன் ஊரிலேயே இல்லை என்று ஒரு நினைப்பு.

மத்தியானம், மட்டக்களப்புக்குப் போகும் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்கள் ஒழுங்கை முனையைக் கடந்தது. தறியில் இருந்தபடியே கேட்டேன். உம்மாவின் ஞாபகம் வந்தது. மழை விடட்டும், போவோம் என்று நூல் ஓட்டும் நாடாவை மறுபக்கம் வீசினேன். அன்று மாலையே கல்லாற்றுப் பக்கம் வெள்ளம் ரோட்டை அறுத்துவிட்டது. நான் கேட்டதுதான் கடைசி பஸ்.

வெள்ளிக்கிழமை காலை கல்முனைக் கந்தோரிலிருந்து தந்திச் சேவகர் முழங்கால் தண்ணீருக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். தந்தி இங்கிலீசில் இருந்தது. அவரே வாசித்துச் சொன்னார். உம்மாவுக்குக் கடுமை, உடனே வா என்று ராத்தா அடித்திருந்தார். கடுதாசியைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். ஜும்ஆத் தொழுகைக்கும் நிற்கவில்லை, நடந்தேன். கல்லாற்றில் தோணிக்காரர் ஒருவர் ஏற்றிவிட்டார். அப்புறமும் சேற்றிலும் தண்ணீரிலும் நடைதான். வழியெல்லாம் உம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். இந்தத் தடவை நாலைந்து நாள் தங்க வேண்டும், உம்மாவின் கால் மாட்டில் சும்மா கிடக்க வேண்டும் என்றெல்லாம் திட்டம் போட்டேன்.

பொழுது சாயும் நேரம், மஃரிபுக்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தேன். வாசலில் நிறையச் செருப்புகள். உள்ளே யாரோ குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ராத்தா என்னைக் கண்டதும் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"புதன்கிழம விடிய சுபஹோட உம்மா மவுத்தாப் பெயிட்டா தம்பி! பின்னேரம் அசரோட அடக்கியாச்சி. மையித்த வெச்சிக்கிட்டு இரிக்க ஏலுமா? மச்சான் உன்னத் தேடி வெளிக்கிட்டு வெள்ளத்துல திரும்பி வந்துட்டார். செவ்வாக்கிழம காலையிலயே தந்தி அடிச்சனே, ஏன்டா வரல்ல?"

வெள்ளத்தால் தந்தி சுணங்கிவிட்டது என்றேன். அப்போது நானும் அப்படித்தான் நம்பினேன். ராத்தா அழுதபடியே மற்றதையும் சொன்னார். செவ்வாய் பின்னேரம் பஸ் வந்து நின்றதாம். உம்மா கண்ணைத் திறந்து, "என்ட மகனா?" என்று கேட்டாராம். "ஓம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்லடா. பொறகு உம்மா கதைக்கவே இல்ல" என்றார்.

மையவாடியில் ஈர மண்ணைத்தான் பார்த்தேன். உம்மாவின் முகத்தைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு கிழமை, ஏழு நாள் கழித்து மருதமுனைக்குத் திரும்பிவிட்டேன். தந்தி லைன் பார்க்கிறவர் புதுக் கம்பம் நட வந்திருந்தார். மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழர். என் வயதுதான் இருக்கும். எங்கள் கொட்டிலை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது ஆரு வெட்டின?"

"நான்தான். செவ்வாக்கிழம காலையில. செத்த கம்பி எண்டுதான்..."

"செத்த கம்பியா? ஆரு சொன்ன உனக்கு? திங்கக்கிழம பின்னேரம் நானே கவட்டத்தடி ஊண்டித் தூக்கி விட்டுட்டுப் போன லைன் அது. நீ வெட்டுற வரைக்கும் வேல செஞ்சது! இஞ்சேருந்து திருக்கோவில் வரைக்கும் இந்த ஒரு கம்பியிலதான் எல்லாம் ஓடுது. மூண்டு நாளா வெள்ளத்துக்குள்ள எங்க அறுந்ததெண்டு நாய் மாதிரித் தேடித் திரிஞ்சன். வெள்ளிக்கிழம விடியத்தான் கண்டு பொருத்தினன். நட விதானையாரிட்ட!"

ஊர்த் தலைமைக்காரரான விதானையாரை நான் நினைக்கவேயில்லை. சட்டைப் பையில் அந்தத் தந்திக் கடுதாசி இன்னும் இருந்தது. அதை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவருக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியும். மேலே அனுப்பிய நேரமும் இருந்தது. அதை அவர்தான் எனக்குச் சொன்னார். செவ்வாய், காலை பத்து மணி. கம்பி அறுபடாமல் இருந்திருந்தால் மத்தியான பஸ்ஸில் நான் இருந்திருப்பேன்.

அவர் தறிக் குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "முகம் பாத்தயா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் எழுந்து கூரையில் இருந்த கம்பியைத் தன் கையாலேயே அவிழ்த்தார். தன்னிடம் இருந்த கயிற்றால் அந்த இடத்தை இறுக்கிக் கட்டினார். போகும்போது, "காத்துல அறுந்ததெண்டே எழுதுறன்" என்று மட்டும் சொன்னார். விதானையாரிடம் இழுத்துக்கொண்டு போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பாவில் ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அப்படிப்பட்டவன்தான் ஊர்களையெல்லாம் கட்டி வைத்திருந்த ஒற்றை இழையை மழைக்குக் கூரை கட்ட வெட்டினேன். நற்பிட்டிமுனையில் ஒருவருக்கு வேலைக்கு வரச் சொன்ன தந்தி நாள் கடந்து கிடைத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். இன்னும் யார் யாருக்கு என்ன நடந்ததோ, அல்லாஹ்தான் அறிவான். ராத்தாவிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. வெள்ளத்தைத் திட்டிக்கொண்டே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்றைக்கும் காற்று மழைக்குப் பிறகு ரோட்டில் ஒரு கம்பி சரிந்து கிடக்கக் கண்டால், ஆள் வரும்வரை பக்கத்தில் காவல் நிற்பேன். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதற்குள்ளால் எங்கோ ஓர் உம்மா "என்ட மகனா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார் என்ற எண்ணத்தில் அதைத் தாண்டிப் போக எனக்கு இன்னும் கால் வருவதில்லை.